ஏரி வெட்டலாம், காசு அடிக்கக் கூடாது

எலஹங்கா நாடபிரபு கெம்பே கவுடர் புதிதாக ஓர் ஊர் கட்டினார். விஜயநகரத்து மேலிடம் தடை சொல்லவில்லை. ஊரைச் சுற்றி மண்கோட்டை எழுப்பி அகழி வெட்டினார். தடை சொல்லாததோடு, பக்கத்து ஊர்களின் வருமானத்தையும் அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள். ஏரிகள் வெட்டினார், கோயில் திருப்பணி செய்தார். பிறகு தம் குடும்பம் கும்பிட்ட பைரவர் பெயரில் சொந்தமாக நாணயம் அடித்தார். உடனே பிடித்துக்கொண்டுபோய்த் துங்கபத்திரைக் கரையில் ஆனேகுந்தியில் அடைத்துவிட்டார்கள். ஐந்தாண்டுச் சிறை என்கிறது மரபு.

பெங்களூரை நிறுவியவரின் வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இந்தச் சம்பவம்தான். முயல், ஏர், பலி என்று மற்றக் கதைகளை ஊர் கட்டிய எந்தத் தலைவர்மீதும் ஏற்றிச் சொல்லிவிடலாம். அவர் யார், அவருடைய அதிகாரம் எந்த எல்லைவரை செல்லுபடியாகும் என்பதை இது ஒன்றுதான் காட்டிக்கொடுக்கிறது.

அவருடைய குடும்பத்தின் பூர்வீகக் கதை தமிழ்நாட்டில் தொடங்குகிறது. காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து, அங்கே ஒரு சிற்றரசனின் பெண் கேட்கும் தொல்லைக்குப் பயந்து, ரணபைரவே கவுடர் என்பவர் தம் உறவினரோடு இரவோடு இரவாகக் கிளம்பி, நந்தி மலை அடிவாரத்தில் தேவனஹள்ளிக்குப் பக்கத்திலுள்ள ஆவதியில் குடியேறினார் என்பது மொரசு ஒக்கலிகரிடையே வழங்கும் வரலாறு. ஆவதியிலிருந்து கிளைகள் பிரிந்தன. தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், சிக்கபள்ளாபுரம் என ஒவ்வொரு கிளையும் ஓரிடத்தில் வேர் பிடித்தது. எலஹங்காவில் வேரூன்றியது ஜெய கவுடரின் கிளை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் விஜயநகரத்துக்குத் திறை செலுத்தும் நாடபிரபு ஆகிவிட்டார். அவர் வழியில் வந்த கெம்பநஞ்சே கவுடரின் மகன்தான் நம் கெம்பே கவுடர்.

ஆண்டுகளில்தான் சிக்கல். 1510இல் பிறந்தார் என்று ஆண்டுதோறும் ஜூன் 27இல் அரசு விழா எடுக்கிறது. 1513இல் பட்டமேற்று 56 ஆண்டுகள் ஆண்டு 1569இல் இறந்தார் என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறவர்கள், மூன்று வயதுக் குழந்தையைச் சிம்மாசனத்தில் உட்கார வைக்கிறோமே என்று ஒரு கணம் யோசிப்பதில்லை. அவருக்குப் பின் வந்த தலைவர்கள் பலரும் கெம்பே கவுடர் என்ற பெயரையே வைத்துக்கொண்டது இன்னொரு சிக்கல். பேரன் கட்டியது தாத்தாவின் கணக்கில் ஏறுவதும், தாத்தா பட்ட பாடு பேரன் தலையில் விழுவதும் இந்த வம்சத்தின் வரலாற்றில் சகஜம்.

விஜயநகரப் பேரரசில் இவரைப் போன்றவர்களின் இடம் என்ன? 1535 வாக்கில் விஜயநகரத்தைப் பற்றி எழுதிய போர்த்துகீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ், அரசருக்குக் கீழே இருநூறுக்கும் மேற்பட்ட தலைவர்கள் இருப்பதாகச் சொல்கிறார். நிலம் அவர்களிடம், படை திரட்டும் கடமை அவர்களுக்கு, மகாநவமியை ஒட்டித் தலைநகரத்துக்கு வந்து பணம் கட்டியாக வேண்டும். அவர் கவனித்தது பெரும்பாலும் மேலிருந்து நியமிக்கப்பட்ட நாயக்கர்களை. நாடபிரபுவின் நிலை கொஞ்சம் வேறு. அவர் வேளாண் குடிகளிடையே பரம்பரைத் தலைவர். உள்ளூர் மண்ணிலிருந்து முளைத்தவர். நாயக்கரை இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கலாம். நாடபிரபுவை அப்படி நகர்த்த முடியாது, நகர்த்தினால் வரி வசூலிக்க ஆளில்லை. மேலிடத்துக்கு அவர் தேவை. ஆனால் வளரவும் விடக் கூடாது. கெம்பே கவுடரின் ஆட்சி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது.

அச்சுதராயர் (ஆட்சி 1529–1542) காலத்தில் அனுமதி கிடைத்தது. 1537இல் புது ஊருக்குக் கால்கோள். ஹலசூர், பேகூர், வர்த்தூர், ஜிகணி, தலகட்டபுரம், கும்பலகோடு, கெங்கேரி முதலான ஊர்களையும் அச்சுதராயர் கொடுத்தார். ஆண்டுக்கு முப்பதாயிரம் வராகன் வருமானம் என்று பிற்கால நூல்கள் மதிப்பிடுகின்றன. இன்று பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் பகுதிகளில் பாதி இந்தப் பட்டியலில் அடங்கிவிடும்.

வேட்டைக்குப் போன இடத்தில் முயல் திரும்பி நாயைத் துரத்தியதாம், அந்த வீர மண்ணில் ஊர் கட்டினாராம். பாஞ்சாலங்குறிச்சிக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த முயல் பழைய முயல். ஹரிஹரர், புக்கர் காலத்தில் விஜயநகரத்திலேயே ஓடிய முயல்தான், அகமதாபாத்திலும் ஓடியிருக்கிறது. பேரரசின் தலைநகரத்துக்குச் சொன்ன கதையைத் தம் ஊருக்கும் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டார்கள் என்பதைத் தவிர இதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

வெற்று நிலத்தில் ஊர் முளைத்தது என்பதும் சரியல்ல. பேகூரில் நாகேசுவரர் கோயிலில் உள்ள, 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கங்கர் கால வீரக்கல் ஒன்று பெங்களூர்ப் போரைக் குறிப்பிடுகிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1905இல் லூயிஸ் ரைஸ் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியைப் புரட்டினால், பெங்களூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி நெடுகத் தமிழ்க் கல்வெட்டுகள் வந்துகொண்டே இருக்கும். சோழரும் ஹொய்சளரும் விட்டுச்சென்றவை. ஏரி, கோயில், தானம் என்ற வாழ்க்கை இங்கே கெம்பே கவுடருக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே இருந்தது. இல்லாதது சந்தை.

அவருடைய அசல் சாதனை அதுதான் என்று நினைக்கிறேன். நான்கு ஏர்களில் வெள்ளைக் காளைகளைப் பூட்டி, நடுவிலிருந்து நான்கு திசைக்கும் உழவிட்டு, சால் போன வழியைத் தெருவாக்கினார் என்று சொல்வார்கள். கதையை ஒதுக்கிவிட்டாலும் தெருக்கள் நிற்கின்றன. வடக்கு தெற்காகத் தொட்டபேட்டை, இன்றைய அவென்யூ சாலை. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேற்கே சிக்கபேட்டை, கிழக்கே நகரத்தபேட்டை. கோட்டைக்குப் பெரிய வாசல்கள் நான்கு: வடக்கே எலஹங்கா, தெற்கே ஆனேக்கல், கிழக்கே ஹலசூர், மேற்கே சொண்டேகொப்பா. வாசல்களுக்கு எதிரியின் பெயரோ தெய்வத்தின் பெயரோ வைக்கவில்லை. பாதை எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊரின் பெயர். வண்டிக்காரனுக்கு வேண்டிய பெயர். குறுக்குத் தெருக்களிலும் அப்படியே. அரிசிக்கு அக்கிபேட்டை, கேழ்வரகுக்கு ராகிபேட்டை, பஞ்சுக்கு அரளேபேட்டை, வளையலுக்கு பளேபேட்டை, குயவருக்குக் கும்பாரபேட்டை, செக்காருக்குக் காணிகரபேட்டை, உப்புக்காரருக்கு உப்பாரபேட்டை. இவை எல்லாம் ஒரே நாளில் அவர் வகுத்தவை அல்ல. சில பின்னால் வந்து சேர்ந்திருக்கும். சரக்குக்கு ஒரு தெரு, சாதிக்கு ஒரு தெரு என்ற அடிப்படை அவருடையது.

மைசூர் பேங்க் சதுக்கத்தில் இறங்கி அவென்யூ சாலைக்குள் நடந்தால் இந்த அடிப்படை இன்னும் வேலை செய்வதைப் பார்க்கலாம். எலஹங்கா வாசல் இருந்த இடத்தில் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. தாண்டினால் பழைய பாடப்புத்தகங்கள், கணக்குப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள்; சிக்கபேட்டை முனைக்கு வந்ததும் பட்டுப்புடவைக் கடைகள். கடைப் பையன்கள் வாசலில் நின்று முகத்தைப் பார்த்தே மொழியை மாற்றிக் கூப்பிடுகிறார்கள்: கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி. தெரு அகலம் இரண்டு மாட்டுவண்டிகள் ஒதுங்கிப் போகும் அளவுதான். சரக்கு ஆட்டோவும் சுமைதூக்கியும் ஸ்கூட்டரும் அந்த அகலத்துக்குள் எப்படியோ நடமாடுகின்றன. நகரத்தின் மற்ற இடங்களில் மேம்பாலம் கட்டியவர்களால் இங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை.

சந்தை கூட வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். அது பெங்களூரில் எளிதல்ல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஆறு கிடையாது. மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும் அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. கிழக்கே விழுவது பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்கு வந்து, கெலவரப்பள்ளி அணையில் நம்மிடம் சேர்கிறது. மழை பெய்த சில மணி நேரத்தில் இரண்டு பக்கமும் வழிந்து ஓடிவிடும் ஊரில் தண்ணீரை நிறுத்திவைக்க ஒரே வழி, சரிவின் குறுக்கே கரை போட்டு மேல் ஏரியின் கலிங்கு வழிந்து கீழ் ஏரிக்குப் போகும்படி சங்கிலியாக அமைப்பதுதான். அந்த வித்தை அவருக்கு முன்பே இந்த வட்டாரத்தில் இருந்தது. விளைநிலத்துக்காக இருந்ததைக் குடியிருப்புக்காகவும் பயன்படுத்தியது இந்தக் குடும்பம்.

பேட்டைக்கு வடமேற்கே தர்மாம்புதி, தென்மேற்கே கெம்பாம்புதி, கிழக்கே சம்பங்கி ஏரி. மூன்றையும் கெம்பே கவுடர் பெயரில் சொல்வது வழக்கம். 1896இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை நகரம் பெரும்பாலும் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பித்தான் இருந்தது. குழாய் வந்ததும் ஏரியின் மதிப்பு போயிற்று. தர்மாம்புதி வறண்டு, மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று. சேலத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ விடியற்காலையில் வந்து அந்தப் பக்கம் இறங்குகிறவர்கள் ஏரிப் படுகையில் கால் வைக்கிறார்கள். சம்பங்கி ஏரியின் மேல் கண்டீரவா விளையாட்டரங்கம். ஓரமாக ஒரு குட்டையை மட்டும் விட்டுவைத்தார்கள், கரகச் சடங்குக்காக. தர்மராயர் கோயிலில் சித்திரைப் பௌர்ணமிக் கரகம் எடுக்கும் திகளர், தமிழோடு உறவுள்ள பேச்சு கொண்ட தோட்டக்கார மக்கள். அவர்கள் விடாப்பிடியாக இல்லாவிட்டால் அந்தக் குட்டையும் மிஞ்சியிருக்காது. கெம்பாம்புதியில் தண்ணீர் இருக்கிறது, கூடவே சாக்கடையும்.

கோட்டைக் கதைகளில் ஒன்றைத் தள்ளிவிட்டுப் போக மனம் வரவில்லை. தெற்கு வாசல் கட்டக் கட்ட இடிந்து விழுந்ததாம். கர்ப்பிணியைப் பலி கொடுத்தால் நிற்கும் என்று சோதிடர்கள் சொல்ல, கெம்பே கவுடர் மறுத்துவிட்டார். அவருடைய மருமகள் லட்சுமி இரவில் தானே போய்க் கழுத்தை அறுத்துக்கொண்டாள், வாசல் நின்றது. கோரமங்களாவில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. பால்கன் நாடுகளிலும் இதே கதை உண்டு. அல்பேனியாவின் ஷ்கோடர் கோட்டைச் சுவரில் ஒரு மருமகளை உயிரோடு வைத்துக் கட்டினார்கள் என்பார்கள். எங்கும் பலியாவது மகள் அல்ல, வெளியிலிருந்து வந்த மருமகள். மொரசு ஒக்கலிகப் பெண்கள் இடது கையின் கடைசி இரு விரல்களைத் துண்டித்துக் காணிக்கை செலுத்தும் வழக்கத்தைக் கெம்பே கவுடர் தடைசெய்தார் என்றும் சொல்கிறார்கள். தடை முழுதாகச் செல்லுபடியாகவில்லை. 19ஆம் நூற்றாண்டிலும் ஆங்கிலேய அதிகாரிகள் அந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி நாணயத்துக்கு வருவோம். பக்கத்துப் பாளையக்காரரான சென்னப்பட்டணத்து ஜகதேவராயர் போட்டுக்கொடுத்தார், விஜயநகரத்தில் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த ராமராயர் கைதுசெய்ய உத்தரவிட்டார் என்பது வழக்கமான கூற்று. இதில் ஒரு பெயர் பொருந்தவில்லை. ஜகதேவராயருக்குச் சென்னப்பட்டணம் கிடைத்ததே 1577இல் பெனுகொண்டாவை பீஜப்பூர்ப் படையிடமிருந்து காத்ததற்குப் பரிசாக. ராமராயரோ 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் தலை இழந்தவர். கெம்பே கவுடரும் 1569இல் போய்விட்டார். பின்னாளில் இந்தக் குடும்பத்துக்குப் பகையாக இருந்த ஒருவரின் பெயர் முந்தைய சம்பவத்துக்குள் நுழைந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அதற்காகச் சிறைவாசத்தையே தள்ளிவிட முடியாது. குலப்பெருமை பாடுகிறவர்கள் வெற்றியை இட்டுக்கட்டுவார்கள். தலைவர் அபராதம் கட்டி வெளியே வந்ததை எதற்கு இட்டுக்கட்டப் போகிறார்கள்?

மேலிடத்தின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கோட்டை ஓரிடத்தில் நிற்கும். வேண்டுமானால் படையனுப்பி இடிக்கலாம். நாணயம் கைமாறிக் கைமாறி நாடெங்கும் போகும், போகிற இடமெல்லாம் அடித்தவனின் அதிகாரத்தைச் சொல்லும். ஐரோப்பாவிலும் இதே கணக்குதான். 1158இல் ரொங்காலியாவில் இத்தாலிய நகரங்களைக் கூட்டிவைத்துப் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா தம் உரிமைகளைப் பட்டியலிட்டபோது, நாணயம் அடிப்பதும் அதில் இருந்தது.

இத்தாலியோடு ஒப்பிட ஒரு வசதியும் இருக்கிறது. கெம்பே கவுடர் பெங்களூரைத் தொடங்கிய அதே 1537இல், ஜனவரி மாதம், பிளாரன்ஸின் கோமகன் அலெஸ்ஸாண்ட்ரோ மெடிச்சி கொலையுண்டு, பதினேழு வயது கோசிமோ பதவிக்கு வந்தார். பெரியவர்கள் அவரைப் பொம்மையாக வைத்து ஆளலாம் என்று நினைத்தார்கள். அவர் அதே ஆண்டில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அங்கீகாரத்தை வாங்கிவிட்டார். ஆனால் நகரத்துக் கோட்டையில் பேரரசரின் ஸ்பானியப் படை 1543வரை உட்கார்ந்திருந்தது. சொந்த ஊரில் அடுத்தவன் காவல். 1569இல், கெம்பே கவுடர் இறந்த ஆண்டில், போப் ஐந்தாம் பயஸ் கோசிமோவுக்கு டஸ்கனியின் பெருங்கோமகன் என்ற பட்டம் கொடுத்தார். பட்டம் கொடுக்க போப்புக்கு ஏது உரிமை என்று பேரரசர் ஆட்சேபித்தார். மகன் காலத்தில்தான் அது தீர்ந்தது. இருவருக்கும் பிரச்சினை ஒன்றே: மேலே ஒருவன் இருக்கும்போது எவ்வளவு பெரியவனாகலாம்? கோசிமோவின் பிளாரன்ஸ் ஏற்கெனவே நூற்றாண்டுகளாக ஐரோப்பாவுக்கே வங்கி நடத்திய நகரம். கெம்பே கவுடர் சந்தையையே முதலில் உண்டாக்க வேண்டியிருந்தது. கோசிமோவின் கடிதங்களும் கணக்குகளும் ஆயிரக்கணக்கான கட்டுகளாக அங்கே ஆவணக் காப்பகத்தில் இருப்பதால், அவர் என்றைக்கு எதற்குக் கோபப்பட்டார் என்பதுவரை எழுதலாம். இங்கே கல்வெட்டும் கர்ணபரம்பரையும் தெருவும் ஏரியும்தான் சான்று.

விடுதலையானபின் பறிமுதலான நிலங்கள் திரும்பக் கிடைத்தன. கொஞ்ச காலத்தில் தலைக்கோட்டைப் போர் வந்தது, தலைநகரம் அழிந்தது, அரசவை பெனுகொண்டாவுக்கு இடம்பெயர்ந்தது. சிறையில் தள்ளிய அதிகாரமே இல்லாமல் போயிற்று. முறைத்துப் பார்க்க ஆளில்லாத அந்தக் கடைசி ஆண்டுகள் அவருக்கு நான்கைந்துதான் வாய்த்தன. மாகடி வட்டத்துக் கெம்பாபுரத்தில் அவருடைய சமாதி என்று கல்மண்டபம் ஒன்று 2015இல் அடையாளம் காணப்பட்டது. குணிகல் பக்கம் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஹிரிய கெம்பே கவுடர் இங்கே இறந்தார் என்று அதிலுள்ள கன்னட எழுத்து சொல்கிறது. சண்டையில் இறந்தார் என்பது ஊர்ப் பேச்சு.

கர்நாடகத்துச் சிவகங்கை மலையில் கங்காதரேசுவரர் கோயிலில் அவருக்கு 1609இல் வைத்த உலோகச் சிலை இருக்கிறது. கை கூப்பி நிற்கிறார். விமான நிலையத்துக்கு 2013இல் அவர் பெயர் சூட்டி, 2022 நவம்பரில் 108 அடிச் சிலையையும் திறந்தார்கள். ராம் சுதார் வடித்த அந்தச் சிலையின் கையில் வாள். இரண்டில் எது உண்மை என்று கேட்டால், பழையதின் பக்கம் சாய்வேன். வாளால் அவர் பிடித்த நாடு என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. லால்பாக் பாறைமேலும், ஹலசூர் ஏரிப் பக்கமும், மேக்ரி சதுக்கத்திலும், கெம்பாம்புதிக் கரையிலும் நிற்கும் நான்கு கோபுரங்களைச் சுற்றுலா வழிகாட்டிகள் இவர் பெயரில் சொல்கிறார்கள். அவற்றை எழுப்பியவர் பின்னால் வந்த இம்மடி கெம்பே கவுடர் என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. லால்பாக் கோபுரம் நாலு தூணும் குட்டி விமானமுமாக ஓர் ஆள் நிற்க இடமுள்ள மண்டபம்தான். காவல் கோபுரம் என்பதைவிட எல்லைக்கல் என்றால் பொருந்தும்.

அவருடைய வாரிசுகளால் ஊரைக் காப்பாற்ற முடியவில்லை. 1638இல் பீஜப்பூர்த் தளபதி ரணதுல்லா கானும் மராத்தியத் தலைவர் சாஹாஜியும் வந்து பெங்களூரைப் பிடித்தார்கள். அப்போதைய கெம்பே கவுடர் மாகடிக்குப் பின்வாங்கினார். சாவனதுர்கத்தின் பாறையைத் துணைக்கு வைத்துக்கொண்டு குடும்பம் அங்கே 90 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 1728இல் மைசூர்ப் படை அதையும் எடுத்துக்கொண்டது.

பெங்களூர் சாஹாஜியின் ஜாகீராயிற்று. பிறகு அவர் மகன் ஏகோஜியிடம் வந்தது. ஏகோஜி இங்கிருந்து புறப்பட்டுப் போய்த் தஞ்சாவூரைப் பிடித்து அங்கேயே அரசரானதும், தொலைவிலிருந்த பெங்களூர் அவருக்குப் பாரமாயிற்று. மைசூர் சிக்கதேவராஜ உடையாரிடம் விலை பேசினார். பேரம் முடிவதற்குள் 1687இல் ஔரங்கசீப்பின் தளபதி காசிம் கான் ஊருக்குள் புகுந்து கொடியேற்றிவிட்டு, உடையாருக்கே அதே விலைக்குக் கொடுத்துவிட்டார். அச்சுதராயர் கெம்பே கவுடருக்கு விட்டுக்கொடுத்து 150 ஆண்டுகள் கழித்து, பேட்டையும் வாசல்களும் ஏரிகளும் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய்.